கலோண்டுவின் வலது கை

கியுசோனி,
15 ஜனவரி 1991

அன்புள்ள முதேயு அக்காவுக்கு, தங்கை கவாட்டா எழுதுவது.

இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். மழைதான் ஏமாற்றிவிட்டது, ஆனாலும் துவரை கொஞ்சம் காய்த்திருக்கிறது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? விடுதிச் சமையற்கட்டில் நாள் முழுக்க நிற்காதே, முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கு.

நேற்று கலோண்டுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். புது நீல உடுப்பு போட்டு, தலையைப் படிய வாரி, நடக்கிற வழியெல்லாம் அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். வழக்கம் உனக்குத் தெரியும். வயதுக்குச் சீட்டு யாரிடமும் கிடையாது என்பதால், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. நீயும் நானும் அப்படித்தான் சேர்ந்தோம். நம் பிள்ளையின் வலது கை பிறந்ததிலிருந்து நெஞ்சோடு மடங்கிக் கிடப்பது ஊருக்கே தெரியும். அதனால் அவள் இடது கையைத் தூக்கி வலது காதைத் தொட்டாள். தொட்டதோடு நிற்காமல் இழுத்தும் காட்டினாள்.

ஹெட்மாஸ்டர் கிதோமே என்ன சொன்னார் தெரியுமா? "இடக்கையா? என் பள்ளிக்கூடத்துல இடக்கைக்கு வேலை இல்லை. வலக்கையால தொடச் சொல்லு."

"சார், அந்தக் கை மேல போகாது. உங்களுக்கே தெரியுமே" என்றேன்.

வேலமரத்தடியில் போட்டிருந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "அப்ப கை நீளட்டும், கூட்டிட்டு வா. பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப் போயிடாது."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். போன வருஷம் யார் யாருக்கு நான் விதைத் துவரை கொடுத்தேனோ அவர்களும் சிரித்தார்கள். கலோண்டுவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பாவம், அவளுக்கு என்ன புரியும்.

அக்கா, கேட்டுக்கொள். அடுத்த ஜனவரியில் அதே வேலமரத்தடியில், அதே கூட்டத்துக்கு முன்னால், அந்த வலது கை அந்தக் காதைத் தொட வேண்டும். அந்த ஆள் முகத்தில் கரியைப் பூசாமல் நான் அடங்க மாட்டேன். உன் விடுதியில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள்தானே. மடங்கின கையை யார் சரி செய்வார்கள், இந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து எழுது. எலும்பு நீவுகிறவரிடம் போய் வந்தாயிற்று. கோழி போனதுதான் மிச்சம்.

கலோண்டு அப்பா மொம்பாசாவிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்து போனார். அவரிடம் சொன்னால் விட்டுத்தள்ளு என்பார், அதனால் எழுதவில்லை. உடம்பைக் கவனி.

உன் தங்கை,
கவாட்டா


நைரோபி,
9 பிப்ரவரி 1991

அன்புத் தங்கை கவாட்டாவுக்கு,

உன் கடிதம் பஸ் கண்டக்டர் கையில் பத்திரமாக வந்தது. துவரையும் வந்தது, பாதியை அவன் வேகவைத்துத் தின்றிருப்பான் போலிருக்கிறது. முட்டி பழையபடிதான். முக்காலியைச் சமையற்கட்டில் வேறு ஒருத்தி பிடித்து வைத்திருக்கிறாள்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். வந்தவர்களிடமே விசாரித்தேன். இதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறதாம், ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். சட்டை போடுவது, சாப்பிடுவது, எழுதுவது, இப்படி அன்றாடம் கையால் செய்கிற வேலைகளைப் பழக்கித் தருவார்கள். இங்கே ஒரு வாத்தியாரம்மாவிடமும் கேட்டேன். "நைரோபிக்குக் கூட்டிட்டு வராதீங்க. ஒரு நாள் காட்டிட்டுப் போற விஷயம் இல்லை இது. வாரா வாரம், வருஷக் கணக்குல போகணும். பக்கத்துல யாராவது இருந்தாத்தான் பிரயோசனம்" என்றார்.

அதனால் முதலில் டவுன் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார். அவசரப்பட்டு ஹெட்மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நிற்காதே. உன் வாயை நான் அறிவேன்.

ஆசையுடன்,
முதேயு


கியுசோனி,
20 மார்ச் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். உன் முக்காலியைப் பிடித்தவள் பெயரை எழுது, நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

டவுனுக்குப் போனேன். கலோண்டுவை மடியில் வைத்துக்கொண்டு, மாட்டுச் சந்தைக்குப் போகிற லாரியில். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு அறை இருக்கிறது, கதவில் பெயரும் எழுதியிருக்கிறது. காவல்காரர் வந்து, "அம்மா, அவருக்கு மாற்றல் ஆகிடுச்சு. வேற ஆள் வந்தாத்தான் உண்டு. உள்ள கொசுவலை மூட்டை அடுக்கி வெச்சிருக்கோம்" என்றார். மிஷன் கன்னியாஸ்திரிகளிடம் போனால் ஊன்றுகோல் தருகிறார்கள். கைக்கு ஊன்றுகோலை வைத்து நான் என்ன செய்ய?

திரும்பி வரும்போது லாரியில் கலோண்டு தூங்கிவிட்டாள். அந்தக் கையை மெல்லப் பிடித்து நீட்டிப் பார்த்தேன். பாதி வந்து நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் கிதோமே வேதபாடம் வாசித்தார். பகைவரை மன்னிப்பது பற்றி. எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் செய்தார்கள். நான் கண்ணை மூடவில்லை, அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாராவது கிடைப்பார்களா, சீக்கிரம் எழுது.

கவாட்டா


நைரோபி,
28 ஏப்ரல் 1991

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை கொட்டுகிறது, அங்கேயும் கொஞ்சம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆள் கிடைத்துவிட்டாள். கமேனே என்று ஒரு பெண். மூன்று வருஷம் என் கையால் சாப்பிட்டவள், முட்டைக்கோஸ் மட்டும் தொடமாட்டாள். இந்த வருஷம் படிப்பு முடித்து உங்கள் டவுன் ஆஸ்பத்திரிக்கே வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை தோறும், சந்தை நாளில், கியுசோனி சுகாதார நிலையத்துக்கு வந்து பிள்ளைகளைப் பார்ப்பாள். உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

போய்ப் பார். நம் பாஷைதான் பேசுவாள். யார் வீடு, யார் பெண் என்று தோண்டிக்கொண்டிருக்காதே. கை காட்டப் போகிறாய், பெண் கேட்கப் போகவில்லை.

உன் அக்கா,
முதேயு


கியுசோனி,
6 ஜூன் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் முட்டியும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு நீ செய்தது பெரிய உதவி.

பெண் கெட்டிக்காரிதான். பேச்சு மட்டும் கத்தி. முதல் நாளே, "என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். வலது கை தலைக்கு மேலே போய் இடது காதைத் தொட வேண்டும் என்றேன்.

"காதைத் தொட்டு என்ன பண்ணப் போறா?"

"தொடணும். அவ்வளவுதான்."

"காது எங்கயும் போகாதும்மா. இவளுக்குப் பொத்தான் போட வருதா? தட்டைப் பிடிக்க வருதா? இடக்கையால எழுதட்டும், வலக்கை தாளைப் பிடிச்சுக்கட்டும். முன்னால கையை நீட்டணும், பிடிக்கணும், விடணும். அதுக்கு மேல அந்தத் தோள் போகாது. பொய் சொல்லி உங்களை அலையவிட மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கலோண்டு ஒரு மரக்கட்டையை எட்டிப் பிடித்தாள், அக்கா. அந்தக் கை நெஞ்சை விட்டு முன்னால் போவதை நான் பார்த்ததே இல்லை. ஆனால் பிடித்ததை விட முடியவில்லை. இழுக்க இழுக்க இன்னும் இறுகுகிறது. அதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். மணிக்கட்டை மெதுவாகக் கீழே மடக்கினால் விரல்கள் தாமாகத் திறக்கும். "பிடிக்கிறது இவளுக்கு வந்துடும். விடறதுதான் நாளாகும்" என்றாள்.

எனக்கு விடுவதைப் பற்றிக் கவலை இல்லை. மேலே போகாது என்று அவள் சொல்கிறாள், போக வைப்பேன் என்று நான் சொல்கிறேன். வீட்டில் தினமும் நானே தூக்கிப் பழக்குகிறேன். கலோண்டு அழுகிறாள்.

கவாட்டா


கியுசோனி,
12 ஜூலை 1991

முதேயு அக்காவுக்கு,

நேற்று கலோண்டு அங்கே கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கிதோமே சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தார். அந்தப் பெண் "வாங்கப்பா" என்றாள். சின்ன வயதிலேயே வெளியூர்ப் பள்ளிக்குப் போனவளை எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "என்ன கவாட்டா, கை நீண்டுருச்சா?" என்றார்.

உனக்குத் தெரியும். மூன்று வருஷம் சோறு போட்டவளுக்கு அவள் யார் மகள் என்று தெரியாதா? இனி அங்கே போகமாட்டேன்.

கவாட்டா


நைரோபி,
30 ஜூலை 1991

அன்புத் தங்கைக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

தெரியும். சொல்லியிருந்தால் நீ போயிருப்பாயா? நம் பக்கத்தில் பெண்ணை நைரோபிக்கு அனுப்பிப் படிக்க வைக்கிற வசதி எத்தனை வீட்டுக்கு இருக்கிறது? அந்த ஒரு வீடுதான். அப்புறம் கைக்கு வைத்தியம் பார்க்கிறவள் வேறெங்கிருந்து வருவாள்?

கோபத்தை என் மேல் காட்டு. கலோண்டுவின் வியாழக்கிழமை மேல் காட்டாதே.

முதேயு


நைரோபி,
15 செப்டம்பர் 1991

அன்புத் தங்கைக்கு,

ஆகஸ்ட் முழுக்க ஒரு வரியும் இல்லை. கண்டக்டரைக் கேட்டால், "உங்க தங்கச்சி என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிட்டுப் போறாங்க" என்கிறான். அவன் என்ன பாவம் செய்தான். கலோண்டுவுக்குப் பெரிய பொத்தான் வைத்த சட்டை ஒன்று அவனிடம் அனுப்பியிருக்கிறேன்.

நான் சொல்லாமல் விட்டது இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கமேனேவுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். போன மார்ச்சில் சோறு பரிமாறும்போது, உன் அப்பா என் தங்கை மகளுக்குச் செய்தது தெரியுமா என்று நானே கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த நாள் வந்து, "அந்தப் பிள்ளையை எங்கிட்ட அனுப்புங்க. வியாழக்கிழமை அங்க போற மாதிரி கேட்டு வாங்கிக்கறேன்" என்றாள்.

இதற்கு மேல் உன் இஷ்டம்.

முதேயு


கியுசோனி,
20 அக்டோபர் 1991

அக்காவுக்கு,

சட்டை கிடைத்தது. அளவு சரி. விதைக்க நிலம் கொத்திக்கொண்டிருக்கிறோம், உடம்பெல்லாம் வலி.

உனக்காகப் போகவில்லை, அவளுக்காகவும் போகவில்லை. கலோண்டு வியாழக்கிழமை வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். அடித்தும் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. நான்கு வியாழன் அப்படிப் போனது, ஐந்தாவதில் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே போவதில்லை. கமேனே சிரித்தால் அப்பன் முகம் அப்படியே வருகிறது, என்னால் பார்க்க முடியாது. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு, ஆடு விற்கிறவர்களோடு மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவேன். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்பேன். "தலைக்கு மேல போகுதா?" அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொல்வாள். "போகாது. உள்ள வந்து பாருங்க, வேற நிறைய இருக்கு." நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். தெரிந்தால் நல்லது. அப்பனுக்கு நடக்கப்போவதையும் தெரிந்துகொள்ளட்டும்.

கவாட்டா


நைரோபி,
8 டிசம்பர் 1991

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இரு. பண்டிகைக்கு எனக்கு லீவு இல்லை, பிள்ளைகள் பாதிப் பேர் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறார்கள்.

நடக்கப்போவது என்ன என்று நீ எழுதவில்லை, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. கை மேலே போகாது என்றால் ஜனவரியில் எதற்காக அந்த வரிசையில் மறுபடியும் நிற்கப் போகிறாய்? உன் கோபத்துக்குப் பிள்ளையை முன்னால் நிறுத்தாதே. இன்னொரு தடவை அவளை வைத்து எல்லாரும் சிரித்தால் அதற்கு நீதான் காரணம். பதில் எழுது.

முதேயு


கியுசோனி,
17 ஜனவரி 1992

அன்புள்ள என் அக்காவுக்கு, உன் தங்கை ஆசையோடு எழுதுவது.

எல்லாரும் நலம். மழை பெய்தது, காராமணி இலை பறித்து முடியவில்லை. உன் முட்டிக்கு ஆட்டுக்கொழுப்பு அனுப்புகிறேன், அடுப்பு ஓரம் உட்கார்ந்து தேய்த்துக்கொள். டிசம்பர் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம், நீ எழுதியது உண்மை.

திங்கட்கிழமை போனேன். சந்தைக்காரிகளை, சபைப் போதகரை, போன வருஷம் சிரித்தவர்களை, எல்லாரையும் முந்தின நாளே வரச் சொல்லியிருந்தேன். கை மேலே போகவில்லை என்றால் கூட்டத்தின் நடுவில் நின்று, "உங்க பொண்ணே அந்தத் தோள் போகாதுங்குது. படிச்ச பொண்ணு பொய் சொல்லுதா, ஹெட்மாஸ்டர் பொய் சொல்றாரா" என்று கேட்பதாக இருந்தேன். ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிவைத்திருந்தேன். கேட்க வேண்டியே வரவில்லை.

எங்கள் முறை வந்தது. கிதோமே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கலோண்டுவைப் பார்த்ததும் சிரிப்பு. "வாம்மா. கை நீண்டுருச்சா?" என்று மேசை மேல் சாய்ந்து முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். "வலது கை. காது. தொடு பார்க்கலாம்."

அவள் வலது கையை நீட்டினாள். மேலே அல்ல, முன்னால். மெதுவாகப் போய் அவர் காதைப் பிடித்தாள்.

அப்புறம் அதே கூட்டம் சிரித்தது பார், போதகர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

"விடச் சொல்லு" என்றார் கிதோமே. தலையை இழுத்தார்.

"இழுக்காதீங்க சார். இழுத்தா இன்னும் இறுகும். உங்க பொண்ணுதான் சொல்லிக் கொடுத்துச்சு."

"கவாட்டா, விடச் சொல்லுன்னேன்."

"அவளுக்குப் பிடிக்கத்தான் சார் தெரியும், விடத் தெரியாது. வலது கைன்னீங்க, வலது கைதான். காதுன்னீங்க, காதுதான். யார் காதுன்னு நீங்க சொல்லலை." மேசை மேலிருந்த பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினேன். "கை நீளட்டும், கூட்டிட்டு வான்னு சொன்னீங்க. நீண்டு உங்க வரைக்கும் வந்திருக்கு. பேரை எழுதுங்க."

குனிந்த தலையோடு எழுதினார். மணிக்கட்டை மடக்கினால் அந்த நிமிஷமே விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் மடக்கவில்லை. அவள் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு. அடித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொன்னேன். மையை ஊதிக் காயவைக்கச் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவள் கையைத் தொட்டேன், விரல்கள் திறந்தன. காது மிளகாய் வற்றல் அரைத்துத் தடவினது போல இருந்தது. ஒரு வருஷம் நான் சுமந்தது அன்றைக்குத்தான் இறங்கியது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று வியாழக்கிழமை. என்ன சொல்வாளோ என்று கொஞ்சம் தயக்கத்தோடுதான் போனேன். கமேனே வாசலிலேயே நின்றாள். "அப்பா காதைப் பார்த்தேன். நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் நகம் மறு பக்கம் பதிஞ்சிருக்கு. கட்டைவிரல் சேர்ந்து பிடிக்கும்னு நான் எதிர்பார்க்கலை" என்றாள். பிறகு, "இன்னைக்காவது உள்ள வந்து உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். ஒரு தகரக் குவளையும் ஒரு தட்டுத் துவரையும் வைத்தாள். கலோண்டு வலது கையால் ஒரு பிடி அள்ளினாள், குவளைக்கு மேலே கொண்டுபோனாள், திறந்தாள். துவரை சலசலவென்று உள்ளே விழுந்தது. யாரும் மணிக்கட்டைத் தொடவில்லை. மறுபடி அள்ளினாள், மறுபடி விட்டாள்.

"இது எப்பலருந்து?" என்றேன்.

"நவம்பர்லருந்தே விடறா. நீங்கதான் மரத்தடியில முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தீங்க."

வீட்டுக்கு வருகிற வழியில், ஆற்று மணலில் இறங்கினதும் அவளை நிறுத்திக் கேட்டேன். "ஏண்டி, உனக்குத்தான் விடத் தெரியுமே. அன்னைக்கு ஏன் விடலை?"

என் முகத்தைப் பார்த்தாள். "அவரு சிரிச்சாரும்மா. போன தடவை" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீ தொட்டதும் விட்டுட்டேன்ல" என்றாள்.

இத்தனை நாளும் நான் ஒருத்திதான் அதை நெஞ்சில் வைத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன், அக்கா. என் குணம் பிள்ளைக்கும் வந்துவிட்டதே என்று நான் பயப்பட வேண்டும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குப் பள்ளிக்கூடம். வேளாவேளைக்குச் சாப்பிடு, முட்டியைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
கவாட்டா